சம்பந்தியோடு மழை வெயில் கதைத்த கதை

கஜன்,

நீயும் மாலியும் ஒஷாவாவுக்குக் குடிபோய் இன்றைக்கு மூன்றாம் நாள். காரில் நாற்பது நிமிஷம். இதற்குப் பெயர் பிரிவா என்று உன் அப்பா என்னைப் பகிடி பண்ணுகிறார். பகிடி பண்ணிவிட்டு, நீ விட்டுப்போன பழைய சப்பாத்தைத் துடைத்துக் கதவடியில் வைக்கிறார். நானும் கண்டும் காணாத மாதிரி இருக்கிறேன். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை றோட்டுக் கடக்க விட்டுவிட்டு வந்து, நனைந்த ரெயின்கோட்டைக் குளியலறையில் தொங்கவிட்டு, ஒரு பிளேன்ரீயோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானம் திரும்பவும் சந்திக்குப் போகவேண்டும். அதற்குள் முடித்தால் நல்லது, முடியாவிட்டால் பின்னேரமும் எழுதுவேன்.

சனிக்கிழமை உங்கள் கலியாணத்து நாலாம் சடங்குச் சாப்பாட்டுக்குப் பிறகு நீ என்னிடம் ஒன்று கேட்டாய். பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு நின்றாய். மாலியின் அம்மாவும் நானும் பின்பக்கப் படியில் ஒரு மணித்தியாலமாக இருந்ததைக் குசினி யன்னலால் பார்த்திருக்கிறாய். "அப்பிடி என்னம்மா கதைச்சனீங்கள்?" என்றாய். "சும்மா, வெதரைப் பற்றித்தான்" என்றேன். நீ சிரித்துக்கொண்டு, "சொல்ல விருப்பமில்லாட்டிச் சொல்லாதீங்கோ" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். நான் பொய் சொல்லவில்லை ராசா. நாங்கள் கதைத்தது முழுக்க வெதர்தான். ஆனால் அது எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. மாலிக்குத் தெரியும். உனக்குச் சொல்லவேண்டாம் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். இப்போது கலியாணமும் முடிந்துவிட்டது, சத்தியத்தையும் நானே அவிழ்க்கிறேன்.

பதினெட்டு வருஷமாக ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் ஒரு சந்தியில் சிவப்புப் பலகையோடு நிற்கிறவள் உன் அம்மா. மழை, வெயில், பனி எல்லாம் என் தலையில்தான் முதலில் விழும். வருகிற போகிற தாய் தகப்பன் எல்லோரும் "கோல்ட் டுடே" என்பார்கள், நானும் "யெஸ், வெரி கோல்ட்" என்பேன். ஆனால் மனதுக்குள் இந்தக் கதையை நான் மதித்ததே இல்லை. குளிர்கிறது என்று எனக்குத் தெரியாதா? நிற்கிறது நானல்லவா? வீட்டுக்கு வந்து அப்பாவிடம், இந்தச் சனங்களுக்குக் கதைக்க ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிச் சிரிப்பேன். நாங்கள் அப்படியா? ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் முதல் கேள்வி "நீங்கள் எவடம்?" அடுத்தது எந்தப் பள்ளிக்கூடம், ஆரின்ர மகள், எப்ப வந்தனீங்கள், எந்தப் பாதையால வந்தனீங்கள், சகோதரம் எத்தனை பேர். ஐந்து நிமிஷத்தில் அந்த மனிசியின் மூன்று தலைமுறை என் கையில் இருக்கும். அதைத்தான் அன்பு என்று நினைத்திருந்தேன். கேட்காமல் விடுகிறது, வந்தவருக்கு ஒரு தேத்தண்ணியும் கொடுக்காமல் அனுப்புகிறது மாதிரி எனக்கு.

அந்த அன்பைத்தான் போன வருஷம் இலையுதிர் காலத்தில் மாலியின் அம்மாவுக்கு அள்ளிக் கொடுத்தேன். முதல் தரம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தா, உனக்கு நினைவிருக்கும். மூடி போட்ட சின்ன மூங்கில் கூடையில் ஒட்டுச்சோறு கொண்டுவந்தா. கையால் ஒரு பிடி எடுத்து உருட்டி, என் இறால் குழம்பில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டா. கையால் சாப்பிடுகிற சம்பந்தி கிடைத்தது என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவவுக்கும் எனக்கும் இங்கிலீஷ் தெரியும்தான், ஆனால் அது வேலைக்குக் காணும், சம்பந்தத்துக்குக் காணாது. ஆகவே மாலியை நடுவில் இருத்தி வைத்துத் தொடங்கினேன். லாவோஸில் எவடம்? மாலியின் தகப்பன் எப்படிக் காலமானார்? கனடாவுக்கு எப்படி வந்தீர்கள்? மெக்கோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்குப் போய், அங்கே முகாமில் இருந்து வந்தோம் என்றா. உடனே நான், எத்தனை பேர் கடந்தீர்கள் என்றேன். மாலி கொஞ்சம் தயங்கினாள். நான் விடவில்லை. "கேளும் பிள்ளை, சொந்தக்காரர் எண்டால் இதுகளைத் தெரிஞ்சிருக்க வேணுமெல்லோ" என்றேன். அவள் கேட்டாள். அவ ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு, உருட்டின சோற்றை வாயில் வைக்காமல் திரும்பக் கூடைக்குள் வைத்து மூடினா. அரை மணித்தியாலத்தில் போய்விட்டார்கள்.

நீ அவர்களைக் காரில் ஏற்றிவிட்டு வந்தாய். சப்பாத்தைக் கழற்றவில்லை. "அம்மா, அவவின்ர தம்பி அந்த ஆத்திலதான் போனவர். அதைச் சோத்துக்கு முன்னால இருத்தி வைச்சுக் கேக்கிறீங்கள். வெதரைப் பற்றிக் கதைச்சிருக்கலாம்தானே?" என்றாய். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பிழை செய்தவளுக்குத்தானே கோபம் கெதியாக வரும். வெதரைக் கதைத்து ஆராவது சம்பந்தம் செய்கிறதா என்று கத்தினேன். பிறகு இரண்டு கிழமை உன்னோடு கதைக்கவில்லை.

அந்த இரண்டு கிழமையும் நான் என்ன நினைத்துக்கொண்டு நின்றேன் என்று இப்போது சொல்கிறேன். எனக்கும் ஒரு அண்ணன் இருந்தவர். உனக்குத் தெரியும். அவரைப் பற்றி நான் வாய் திறக்கிறதில்லை என்பதும் உனக்குத் தெரியும். கோயிலிலோ ஒரு கொண்டாட்டத்திலோ யாராவது "உங்களுக்குச் சகோதரம் எத்தனை பேர்?" என்று கேட்டால், "ரெண்டு தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் பாயசம் எடுக்கப் போய்விடுவேன். அந்தக் கேள்வி எங்கே குத்தும் என்று தெரிந்த நானே அதைத் தூக்கி இன்னொரு மனிசியின் தட்டில் வைத்தேன். வெட்கம் என்றால் அதுதான் கஜன். பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பிள்ளைகள் "குட் மோர்னிங்" சொல்லும், எனக்குக் காதில் விழாது.

பிறகு மாலி வந்தாள். நீ அனுப்பவில்லை, அவளாகவே வந்தாள். கார்த்திகை மாதம், விடியற் குளிரில், இரண்டு கோப்பி வாங்கிக்கொண்டு என் சந்திக்கு வந்து பக்கத்தில் நின்றாள். அம்மா கலியாணத்துக்குச் சம்மதம், ஆனால் உங்கள் வீட்டுக்கு இனி வரமாட்டாவாம் என்று மெல்லச் சொன்னாள். குறை சொல்லவில்லை, ஒளிக்காமல் சொன்னாள். உன் பெண்சாதியின் இந்தக் குணத்தைக் கவனித்து வைத்துக்கொள், உனக்கு உதவும். மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் மன்னிப்புக் கேட்கவும் அந்தக் கதையைத்தானே திரும்ப எடுக்கவேண்டும். அப்போதுதான் நீ கோபத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது. "பிள்ளை, லாவோவில வெதர் கதைக்கிறது எப்பிடி? எனக்குச் சொல்லித் தா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்த சிரிப்பில் கோப்பி கையில் ஊற்றுப்பட்டுவிட்டது.

அவள் தன் குரலில் எட்டு வசனம் என் போனில் பதிந்து தந்தாள். அந்த மாரி முழுக்க அதுதான் எனக்குப் பாடம். மு நீ என்றால் இன்றைக்கு. நாவ் என்றால் குளிர், நாவ் லாய் என்றால் சரியான குளிர், ஹோன் என்றால் வெக்கை, ஃபொன் தொக் என்றால் மழை பெய்கிறது. கேள்வியாக்க வேண்டுமென்றால் கடைசியில் ஒரு போ. ஆகாத் தீ என்றால் நல்ல காலநிலை. ஒவ்வொரு சொல்லையும் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் உயர்த்திப் பாடவேண்டியிருந்தது. பிள்ளைகள் வராத நேரத்தில் சந்தியில் நின்று "நாவ் லாய், நாவ் லாய்" என்று எனக்குள்ளே பாடினேன். தபால்காரர் ஒரு நாள், உடம்பு சரியில்லையா என்று கேட்டார். வீட்டில் அப்பா பிடித்துவிட்டார். அவருக்கும் ஒரு சத்தியம். அந்த மனிசன் ஹோன் என்ற ஒரு சொல்லை மட்டும் படித்து, நான் குழம்பில் தூள் கூடப் போடுகிற நாளெல்லாம் அதைச் சொன்னார். அது வெயிலுக்குச் சொல்கிறது என்று எத்தனை தரம் திருத்தியும் கேட்கவில்லை.

தை மாதத்தில் பெரிய பனி கொட்டிப் பள்ளிக்கூடம் பூட்டின நாள் உனக்கு நினைவிருக்கும், நீ கார் எடுக்க ஏலாமல் வீட்டில் நித்திரை கொண்டாய். அன்றைக்குத்தான் அவவுக்குப் போன் எடுத்தேன். வணக்கம் சொல்லி, "மு நீ நாவ் லாய்" என்றேன். வைத்துவிட்டா என்று நினைத்தேன். பிறகு மெல்ல, "நாவ் லாய்" என்று வந்தது. அவ்வளவுதான். என்னிடம் அதற்கு மேல் பொருத்தமான வசனம் இல்லை. வெக்கை என்று சொல்ல முடியாது, மழை என்றும் சொல்ல முடியாது. இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டோம். ஒரு நிமிஷம் இருக்காது. வைத்துவிட்டு அடுப்படியில் தனியே நின்று சோதனை பாஸ் பண்ணினவள் மாதிரிச் சிரித்தேன்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அவ எடுத்தா. அதற்கு அடுத்த நாளும் எடுத்தா. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு நாள் விடவில்லை. "நாவ் போ?" என்பா. குளிராவிட்டால் "போ நாவ்" என்பேன். அவ என் பிழையைத் திருத்திச் சொல்லுவா, நான் திருப்பிச் சொல்லுவேன், அவ சிரிப்பா. இதில் ஒரு இலாபமும் கண்டுபிடித்தேன். அவ இருப்பது மேற்கே, நோர்த் யோர்க்கில். ரொறன்ரோவுக்கு மழை அனேகமாக மேற்கிலிருந்துதான் வரும். அவவின் யன்னலில் துளி விழுந்தால், என் சந்திக்கு வர அரை மணித்தியாலம் ஆகும். ரேடியோக்காரன் சொல்வது பிழைக்கும், அவ சொல்வது பிழைக்காது. இந்தப் பங்குனியில் நான் ஒரு தரமும் நனையவில்லை. உடன் நிற்கிற மற்றச் சந்திக்காரி இது எப்படி என்று கேட்டாள். எனக்குச் சம்பந்தி இருக்கிறா என்றேன்.

இப்போது கலியாணக் காலைக்கு வருவோம். நாங்கள் பட்டும் வேட்டியுமாக அவர்கள் வீட்டு வாசலுக்கு ஊர்வலமாகப் போனோம். சித்திரையில் இப்படி ஒரு குளிர்காற்றை நான் கண்டதில்லை. வாசலில் வெள்ளி இடுப்புப் பட்டியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு பெண்வீட்டார் மறித்தார்கள். அது அவர்களின் வழக்கம், மாப்பிள்ளை வீட்டைக் கேள்வி கேட்டு, பகிடி பண்ணித்தான் உள்ளே விடுவார்கள். பதில் சொல்லுகிற பொறுப்பு உன் பெரியப்பாவுக்கு. அவர் காரை நிற்பாட்ட இடம் தேடி மூன்றாவது தெருவில் நின்றார். மாலியின் மாமா ஒருவர் உரத்துக் கேட்டார், நீங்கள் எங்கே இருந்து வருகிறீர்கள் என்று. மாலியின் சிநேகிதி அதை இங்கிலீஷில் சொன்னாள். பார்த்தாயா, "எவடம்?" என்ற கேள்வி சுற்றிச் சுழன்று என்னிடமே வந்தது. "ஸ்காபரோ" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என்ன தேடி வந்தீர்கள் என்றார் அடுத்ததாக. அப்பா என் முதுகில் மெல்லத் தட்டினார். நான் முன்னுக்குப் போய், பட்டியின் அந்தப் பக்கம் நின்ற மாலியின் அம்மாவைப் பார்த்து, இருக்கிற குரல் எல்லாம் சேர்த்து "மு நீ நாவ் லாய்" என்றேன்.

வாசல் முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய், அம்மா காலையில் யாரிடமோ ஒரு வசனம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டா என்று நினைத்திருப்பாய். ஆனால் பட்டியை இறக்கினது யார் என்று பார்த்தாயா? அவவே இரண்டு கையாலும் பிடித்து இறக்கி, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, தன் சால்வையை எடுத்து என் தோளில் போட்டா. பிறகு எல்லோரும் வரிசையாக மாலியின் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்துச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் நீட்டி நீட்டிச் சொன்னார்கள். என் முறை வந்தபோது நூலை முடிந்துவிட்டு "ஆகாத் தீ" என்றேன். அதற்கு மேல் ஒரு வாழ்த்து எனக்கு இன்றைக்கும் தெரியாது. மாலி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்ததைப் படம் பிடித்திருக்கிறார்கள், அந்தப் படத்தை எனக்கு அனுப்பு.

நாலாம் சடங்கு எட்டாம் நாள்தான் வைக்க முடிந்தது. கனடாவில் சடங்குக்கும் லீவு பார்க்கவேண்டும். அவ வருவாவா என்று எனக்குக் கடைசிவரை நிச்சயமில்லை. கேட்கவும் இல்லை. காலை ஏழு மணிக்கு வழக்கம்போல எடுத்து, இங்கே மழை தொடங்கிவிட்டது என்றா. பதினொரு மணிக்கு, நனைந்த குடையோடும் அந்த மூங்கில் கூடையோடும் எங்கள் வாசலில் நின்றா. அன்றைக்கு இருந்த அதே கதிரையில் இருந்து சாப்பிட்டா. இந்தமுறை உருட்டின சோறு எல்லாம் வாய்க்குள் போனது, நான் எண்ணவில்லை, ஆனால் பார்த்தேன்.

சாப்பிட்டு முடிந்து நாங்கள் இருவரும் பின்பக்கப் படியில், கூரை நீட்டுக்குக் கீழே இருந்தோம். மழை நன்றாகப் பெய்தது. வாகனம் விடுகிற பாதையால் தண்ணீர் சுழித்து ஓடியது. "ஃபொன் தொக்" என்றேன். அவ தலையாட்டினா. கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகு விரலால் அதைக் காட்டி, "நோங்" என்றா. நோங் என்றால் தம்பி. கலியாண வீட்டில் நூறு தரம் காதில் விழுந்த சொல். "மு நன் ஃபொன் தொக்" என்றா.

அந்த நாளும் மழை பெய்தது. எனக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை கஜன். மு நன் என்றால் அந்த நாள், அது எட்டாவது வசனம். "லாய் போ?" என்று கேட்டேன், கனக்கவா என்று. "லாய்" என்றா. "நாவ் போ?" என்றேன். "நாவ் லாய்" என்றா. ஒரு கேள்வியும் கேட்காத மனிசியாக இருக்கப் பழகினேன் என்று நினைத்தேன். பார், கேள்விதான் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்தமுறை கதவை அவ திறந்துவிட்டா, நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். பிறகு என் நெஞ்சில் கையை வைத்து "அண்ணை" என்றேன். "மு நன் ஹோன் லாய்" என்றேன். அவர் போன நாள் கொதிக்கிற வெயில், றோட்டுத் தார் காலில் ஒட்டின மத்தியானம். இத்தனை வருஷத்தில் அதை நான் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. அவ என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டா. மழை விடும் வரைக்கும் இருந்தோம். அழுதோம் என்று நினைக்காதே, நிறைய நேரம் சும்மாதான் இருந்தோம். நடுவில் உன் அப்பா வந்து எட்டிப் பார்த்து "ஹோன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீ யன்னலால் பார்த்தது அந்தச் சிரிப்பாகத்தான் இருக்கவேண்டும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அதிகம் இல்லை. பதினாறு வயதில் நீ கதவைச் சாத்திக்கொண்டு இருந்தபோது, நான் கதவுக்கு வெளியே நின்று நாற்பது கேள்வி கேட்டேன். அப்பா உன்னைக் கிரிக்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார், நீ அவருக்கு எல்லாம் சொன்னாய். அந்தக் கோபம் எனக்குக் கனகாலம் இருந்தது. நானும் அப்பாவும் சண்டை பிடித்த அடுத்த நாள் காலையில், அவர் யன்னலுக்கு வெளியே பார்த்து "பனி கொட்டப்போகுது போல" என்பார். சமாளிக்கிறார் என்று நினைத்து அதற்கும் ஒரு சண்டை பிடிப்பேன். அந்த மனிசன் முப்பது வருஷமாக மன்னிப்புத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்று இந்த மாரியில்தான் விளங்கியது. நீயும் மாலியும் சண்டை பிடிப்பீர்கள், பிடிக்காமல் இருக்க ஏலாது. அடுத்த நாள் அவள் வானத்தைப் பற்றி ஏதாவது சொன்னால், போனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து வானத்தைப் பார்.

மத்தியானக் கடவைக்கு நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று. இன்றைக்குக் காலை ஏழு மணிக்கு அவ எடுத்து, மழை என்றா. ஏழரைக்கு அது என்னிடம் வந்தது. ஒஷாவா எனக்கும் கிழக்கே, ஆகவே எட்டு மணிக்குப் பிறகு உங்களிடம் வந்திருக்கும். அதைச் சொல்ல உனக்குப் போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. என்ன விசேஷம், என்ன சமைத்தீர்கள், எப்ப வருகிறீர்கள் என்று கேட்பேன் என்று பயந்திருப்பாய். கேட்கமாட்டேன். முதலில் அவவின் யன்னல், பிறகு என் சந்தி, பிறகு உங்கள் வாசல், அந்த வரிசையில்தான் இனி மழை வரும். நாளைக்கும் அடிப்பேன், எடு. மழை வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

அம்மா